புகைபோக்கிக்கும் காய்ச்சல் பாக்கணும்

அடுப்படி கேள்வி பதில்

போன இதழ்ல விறகு அடுப்பு பத்தி எழுதுனப்போ கடைசில சும்மா ரெண்டு வரி போட்டிருந்தேன், சிம்னி பைப்புல ஒரு தெர்மாமீட்டர் மாட்டி வைங்க, அடுப்பு எப்படி எரியுதுன்னு அதுவே சொல்லிடும்னு. அதுக்குப்போய் இத்தனை கடிதாசி வரும்னு நெனைக்கல. மழைக்காலம் வேற, விறகெல்லாம் ஊறிப்போயி வீட்டுக்கு வீடு புகைச்சலு, அதனாலயும் இருக்கலாம். இந்த தடவை முழுக்க அந்தக் கேள்விங்களுக்கே ஒதுக்கிட்டேன். பேர் போட வேணாம்னு பாதிப் பேர் கேட்டுக்கிட்டதால யார் பேரும் போடல, ஊர் மட்டும்தான். நான் படிச்சு எழுதுறவன் இல்ல, மில்லு பாய்லர்ல முப்பது வருஷம் ஷிப்ட் பாத்தவன், அந்தக் கண்ணோடதான் எல்லா அடுப்பையும் பாப்பேன், அதையும் சொல்லிடுறேன்.

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில சின்ன பேக்கரி வச்சிருக்கேன். பன்னு, ரஸ்க்கு எல்லாமே விறகு அடுப்புலதான். ரெண்டு மாசமா சிம்னி ஜாயின்ட்ல கறுப்பா எண்ணெ மாதிரி ஒழுகி சுவரெல்லாம் கோடு கோடா எறங்குது, நாத்தம் தாங்கல. மேஸ்திரி மழைத்தண்ணின்னு சொல்லி ரெண்டு தடவை சிமெண்ட் பூசினாரு, நிக்கல. என்னதான் பண்றது?

பதில்: தம்பி, அது மழைத்தண்ணி இல்ல, உங்க விறகுதான் ஒழுகுது. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். விறகு எரியுதுன்னு நாம சொல்றோமே, அதுல கட்டையா எரியுறது கொஞ்சம்தான். சூடு 200, 300 டிகிரிய தொட்டதுமே கட்டை உள்ளேருந்து வாயுவா கக்க ஆரம்பிச்சிடும், காஞ்ச விறகுல எடைக்கு முக்கால் பங்கு அப்படி வாயுவாத்தான் போவும், மிச்சம்தான் கரி. அந்த வாயு பத்தி எரியணும்னா அடுப்புக்குள்ள 600 டிகிரி கிட்ட சூடும், கூட நல்ல காத்தும் வேணும். ரெண்டுல ஒன்னு கொறஞ்சாலும் அது எரியாம புகையா மேல ஏறிடும். ஏறுனது போய்த்தொலஞ்சா பரவால்ல, பைப்பு சில்லுனு இருந்தா கண்ணாடி டம்ளர் வெளிய வேர்க்குற மாதிரி உள்சுவத்துல வேர்த்து நிக்கும். விறகோட தண்ணியும் தாரும் கலந்த கஷாயம் அது. அதுதான் உங்க சுவத்துல எறங்குறது. இதுக்கு கிரியோசோட்டுன்னு பேரு, நாங்க மில்லுல கீலுன்னுதான் சொல்லுவோம்.

இப்ப சூட்டுக் கணக்குக்கு வாங்க. கதவு வச்ச அடுப்பு, அதுக்கு மேல ஒத்தைத் தகடு கறுப்பு பைப்பு, அடுப்புத் தலையிலேருந்து ஒன்றரை அடி உயரத்துல பைப்போட வெளிப்பக்கம் மீட்டர் ஒட்டிப் பாக்குறோம்னு வச்சுக்குங்க. 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இருந்தா உள்ள கீலு படிஞ்சுகிட்டே இருக்குன்னு அர்த்தம். 120-லேருந்து 240 வரைக்கும் நல்ல எரிப்பு. 240-ஐத் தாண்டிடுச்சுன்னா சூடு ரொட்டிக்குப் போகாம வானத்துக்குப் போவுது, உங்க காசும்தான். அதுக்கும் மேல ஏறி பைப்பு செவக்க ஆரம்பிச்சா அது ஆபத்து. இது வெளித்தகட்டு சூடு, உள்ள ஓடுற புகை ஏறக்குறைய இதுக்கு ரெண்டு மடங்கு இருக்கும்னு மனசுல வச்சுக்கங்க. அந்தப் புகை சிம்னி உச்சிக்குப் போய் வெளிய வர்றப்போகூட 120-க்குக் கீழ எறங்கக் கூடாது, அதுக்குத்தான் கீழ இவ்ளோ சூடு கேக்குறது. செங்கல்லு சிம்னியா இருந்தா வெளிய மீட்டர் ஒட்டிப் பாத்து ஒன்னும் தெரியாது, அதுக்கு உள்ள நுழையுற கம்பி மீட்டர்தான் வேணும்.

உங்க கேஸ்ல என்ன நடந்திருக்கும்னு எனக்கு முக்கால்வாசி தெரியும். ரெண்டு மாசமான்னு எழுதியிருக்கீங்க, அதாவது மழை ஆரம்பிச்சதுலேருந்து. சவுக்குதான எரிக்கிறீங்க? நம்ம பக்கம் மணல்காடு பூரா சவுக்குதான், பச்சையாவே எரியும்னு அதுக்கு ஒரு பேரு வேற. எரியும்தான், ஆனா இப்ப வெட்டுன கட்டையில எடையில பாதிக்குக் கிட்ட தண்ணி. பத்து கிலோ வாங்குனா நாலஞ்சு கிலோ தண்ணிக்கு காசு குடுக்குறீங்க, அதோட விட்டுதா, ஒவ்வொரு லிட்டர் தண்ணியையும் ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல அடுப்பு செலவு பண்ணுது, அந்த ஆவியே மேல போயி பைப்பையும் குளிர வைக்குது, ஒரே கட்டை மூணு வேலை பாத்துடுது. 20 சதவீதத்துக்குக் கீழ ஈரம் இருந்தாத்தான் அது விறகு, அதுக்கு மேல இருந்தா அது மரம். ரெண்டு முள்ளு வச்ச ஈரமானி ஆன்லைன்ல கெடைக்குது. ஆனா கட்டையோட வெளிப்பக்கம் குத்திப் பாக்காதீங்க, அது வெயில்ல காஞ்சு நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். கோடாலியால பொளந்து புதுசா தெரியுற உள்முகத்துல குத்துங்க.

செய்ய வேண்டியது என்னன்னா, மொதல்ல ஒரு நாள் கடைக்கு லீவு விட்டு சிம்னிய முழுசா பிரிச்சு கம்பி பிரஷ் விட்டு தேய்ச்சு எடுங்க. வர்றது தூளா உதிர்ந்தா பயமில்ல. அப்பளம் மாதிரி செதில் செதிலா வந்தா கொஞ்சம் லேட்டு. கண்ணாடி பூசுன மாதிரி பளபளன்னு ஒட்டிக்கிட்டு பிரஷ்ஷுக்கு அசையவே இல்லன்னா அந்தப் பைப்ப மாத்திடுங்க, சொரண்டிகிட்டு ஒக்காராதீங்க. மாத்தும்போது ஜி.ஐ. பைப்பு போடாதீங்க, எல்லாரும் அதைத்தான் போடுறாங்க, மேல பூசியிருக்குற துத்தநாகம் 420 டிகிரியில உருகிடும், அதுக்கு முன்னாடியே உரிய ஆரம்பிச்சு கெட்ட புகை வரும். ஆஸ்பெஸ்டாஸ் பைப்பு வேணவே வேணாம், சூட்டுல டமார்னு வெடிச்சுச் செதறும், தூசும் நுரையீரலுக்கு எமன். கறுப்புத் தகடு போடுங்க, கையில காசிருந்தா எஸ்.எஸ். 316, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல 316 ரகம். 304-ம் நல்லதுதான், ஆனா நம்ம கடக்காத்து உப்புக்கு அதுலயும் புள்ளி புள்ளியா ஓட்டை விழும். கூரைக்கு மேல நீட்டிட்டு இருக்குற பாகத்தைச் சுத்தி ராக்வூல்னு சொல்ற சூடு தாங்குற கல்லுப் பஞ்ச சுத்தி மேல தகடு போட்டுட்டீங்கன்னா மழை நேரத்துல பைப்பு குளிராது. முழங்கை வளைவு ரெண்டுக்கு மேல வேண்டாம். மேஸ்திரிய திட்டாதீங்க, பாவம், அவரு கண்ணுக்கு ஒழுகுறதெல்லாம் மழைதான்.

கேள்வி: கொரோனா நேரத்துல வாங்குன நெத்தித் தெர்மாமீட்டர் சும்மா கெடக்கு, அதை வச்சே சிம்னிய பாக்கலாமா? (வில்லியனூர்)

பதில்: நல்ல யோசனை, ஆனா வேலைக்கு ஆவாது. அது மனுஷன் ஒடம்புக்குன்னு பண்ணது, 43 டிகிரி சுத்துலயே அதோட கணக்கு முடிஞ்சிடும். துப்பாக்கி மாதிரி இருக்குற இன்டஸ்ட்ரியல் ஐ.ஆர். மீட்டர், தொடாமலே சூட்ட அளக்குறது, தனியா விக்குது, 400 டிகிரிக்கு மேல காட்டுறதா கேட்டு வாங்குங்க. அதுலயும் ஒரு ஏமாத்து வேலை இருக்கு. பளபளன்னு இருக்குற எஸ்.எஸ். பைப்ப நோக்கி அழுத்துனீங்கன்னா நெசமான சூட்டுல பாதிகூட காட்டாது, ஏன்னா பளபளப்பு தன்னோட சூட்ட சரியா வெளிய விடாது, சுத்தி இருக்குறத வேற கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். உள்ளங்கை அகலத்துக்கு சூடு தாங்குற மங்கலான கறுப்பு பெயிண்ட் ஒரு பட்டை அடிச்சு எப்பவும் அதே எடத்துல, பக்கத்துல போய் பாருங்க. தூரத்துல நின்னு சுட்டா பைப்போட சேத்து பின்னாடி சுவரையும் அளந்துடும். அந்தச் செவப்புப் புள்ளி குறி காட்டத்தான், அந்தப் புள்ளிய மட்டும் அளக்குதுன்னு நெனச்சுக்காதீங்க.

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்துல மெஸ்ஸு நடத்துறோம். காந்தம் வச்சு ஒட்டுற வட்ட மீட்டர் ஒன்னு ஆன்லைன்ல வாங்கி மாட்டுனோம். நீங்க 240-ஐத் தாண்டக் கூடாதுங்குறீங்க, எங்களுது 400-ல நிக்குது, ஆனா பைப்பு ஒன்னும் செவக்கல, அடுப்பும் நல்லாத்தான் எரியுது. மீட்டர் கோளாறா, நீங்க கோளாறா?

பதில்: ரெண்டு பேரும் இல்லக்கா, எழுத்து கோளாறு. மீட்டர் முகத்துல சின்னதா எஃப்னு போட்டிருக்கான்னு கண்ணாடி போட்டுகிட்டு பாருங்க. அது அமெரிக்காக்காரன் கணக்கு, பாரன்ஹீட்டு. அதுல 250-லேருந்து 475 வரைக்கும் நல்ல எடம்னு கலர் அடிச்சிருப்பான், அதைத்தான் நான் செல்சியஸ்ல 120-லேருந்து 240-ன்னு சொல்றேன், சரியாச் சொன்னா 246. உங்க 400 நம்ம கணக்குல 204, அருமையான சூடு, கைய வைக்காதீங்க, அப்படியே ஓட்டுங்க. இதே தப்பு திருப்பி நடந்தாத்தான் வம்பு, செல்சியஸ் மீட்டரை வச்சுக்கிட்டு 400 வரணும் 400 வரணும்னு விறகத் திணிச்சவரு ஒருத்தர் எனக்குத் தெரியும், பைப்பு செவந்து பக்கத்து மரச்சட்டம் கருகினப்புறம்தான் போன் பண்ணாரு.

அந்த மாதிரி மீட்டருக்குள்ள இருக்குறது ரெண்டு உலோகத்தை ஒட்டிச் சுருட்டுன ஸ்பிரிங்குதான், சூடு ஏறினா விரியும். சோம்பேறி மீட்டரு, அடுப்பு சட்டுனு எகிறுனா இது ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சுத்தான் சொல்லும், நாளாக நாளாக தப்பாவும் காட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கேக்கு சுடுற ஓடிஜியில 150-ன்னு வச்சு உள்ள போட்டு சரிபாத்துக்கங்க. இன்னும் துல்லியமா வேணும்னா பைப்புல ஒரு சின்ன ஓட்டை போட்டு கே டைப் தெர்மோகப்பிள் கம்பிய உள்ள விட்டுடலாம், ஆயிரம் டிகிரி தாண்டியும் தாங்கும், டிஜிட்டலா நம்பர் வரும், இது உள்புகைச் சூடுங்குறதால 480-ஐத் தாண்டினா கத்துற அலாரமும் வச்சுக்கலாம். மெஸ்ஸுல சமையல்காரரு மீட்டரையே பாத்துக்கிட்டு நிக்க முடியுமா சொல்லுங்க, கத்துனாத்தான் திரும்புவாரு.

கேள்வி: கடலூர் ஓ.டி.யில (ஓல்டு டவுன்) ஹார்பர் பக்கம் பழைய படகு உடைச்ச கட்டை பாதி வெலைக்கு வருது. நல்லா காஞ்சும் இருக்கு. வாங்கி எரிக்கலாமா?

பதில்: வேணாம். காஞ்சிருக்கு, எரியும், மீட்டர்லயும் அழகா 200 காட்டும், எல்லாம் சரி. ஆனா வருஷக்கணக்கா கடல்ல ஊறுன உப்பு அதுக்குள்ள ஒக்காந்திருக்கு. எரியும்போது அந்த உப்போட குளோரின் வெளிய வந்து பைப்ப அரிச்சுடும், நச்சுப் புகையும் கெளம்பும். போதாததுக்கு அடிப்பக்கம் பாசி புடிக்காம இருக்க அடிச்ச பெயிண்ட்டு, அதுல செம்பு மாதிரி உலோகச் சரக்கு இருக்கும். அந்தப் புகையில வேகுற சோத்த யாருக்குப் போடப் போறீங்க? கரையில ஒதுங்குற மரத்துக்கும் இதே பதில்தான். சூடு மட்டும் சரியா இருந்தா எல்லாம் சரின்னு நான் சொன்னதா யாரும் எடுத்துக்க வேணாம்.

கேள்வி: பண்ருட்டிக்காரன். முந்திரிக்கொட்டை ஓடு எங்ககிட்ட மூட்டை மூட்டையா இருக்கு, வீட்டு அடுப்புல போட்டா கொழுந்து விட்டு எரியுது, அம்மாவுக்குத்தான் கண்ணு எரிச்சல். எவ்ளோ போடலாம்?

பதில்: அம்மாவ அதுக்குப் பக்கத்துல ஒக்கார வைக்காதீங்க மொதல்ல. அந்த ஓட்டுல கால்வாசிக்கு மேல எண்ணெதான். கையில பட்டா தோலு உரியுற எண்ணெ, கொட்டை உடைக்கிற பொம்பளைங்க விரலப் பாத்தாலே தெரியும். அரைகுறையா எரிஞ்சா அதே எண்ணெ புகையில ஏறி கண்ணுலயும் தொண்டையிலயும் ஒக்காரும், மிச்சம் சிம்னியில போய் படிஞ்சு பந்தம் மாதிரி காத்துகிட்டு இருக்கும். சூடும் ஒரு நெலையா நிக்காது, ஒரு கை போட்டா 350, அது தீந்தா 90-ன்னு மீட்டர் ஊஞ்சல் ஆடும். அதை எரிக்கன்னே கட்டுன உலைங்க இருக்கு, எண்ணெ எடுக்குற எடத்துல வெலைக்கும் வாங்குறாங்க. வித்துட்டு அந்தக் காசுல முந்திரி விறகு வாங்குங்க, ஒங்க ஊர்ல அதுக்கா பஞ்சம்.

கேள்வி: பாகூர் பக்கம் கல்யாண மண்டபம். சாதம், இட்லி எல்லாம் ஸ்டீம் பாய்லர்ல, விறகுதான் போடுறோம். புதுசுல சிம்னி மீட்டர் 210 காட்டும், இப்ப அதே சமையலுக்கு 290. பாய்லர்காரர் நல்லா எரியுதுன்னு அர்த்தம்ங்குறாரு. சந்தேகமா இருக்கு.

பதில்: சந்தேகம் சரிதான் சார். இது என் சொந்த ஏரியா, அதனால கொஞ்சம் நீட்டிடுவேன், பொறுத்துக்கங்க. வீட்டு அடுப்புல சூடு கொறஞ்சா வம்பு. பாய்லர்ல சூடு மெதுவா மெதுவா ஏறுனா வம்பு. அதே தண்ணி, அதே சோறு, அதே விறகு, ஆனா புகை மட்டும் முன்னவிட சூடா வெளிய போவுதுன்னா என்ன அர்த்தம்? நெருப்பு குடுக்குற சூட்ட தண்ணி வாங்கிக்கல. குழாய்க்கு நெருப்புப் பக்கம் கரி படிஞ்சிருக்கும், இல்ல தண்ணிப் பக்கம் உப்பு ஏடு கட்டியிருக்கும், பெரும்பாலும் ரெண்டும். நம்ம கடலோர போர்வெல் தண்ணியப் பத்திச் சொல்லணுமா, வீட்டு கெண்டியிலயே வெள்ள வெள்ளயா ஒட்டுது.

மில்லுல ஒரு பழைய கணக்கு, புகைச் சூடு 22 டிகிரி ஏறினா விறகு ஒரு சதவீதம் வீண். உங்களுக்கு 80 டிகிரி ஏறியிருக்கு, அப்ப மூன்றரை சதவீதத்துக்கு மேல. கேக்க சின்னதாத்தான் தெரியும், 300 கிலோ எரிக்கிற முகூர்த்த நாளைக்கு கிட்டத்தட்ட 11 கிலோ சும்மா போவுது. ஆனா எனக்கு விறகப் பத்திக் கவலை இல்ல சார், ஏடு கட்டுன குழாயப் பத்தித்தான் கவலை. தண்ணி தகட்ட தொடலன்னா தகடு குளிராது, அளவுக்கு மீறி சூடாயி உப்பி ஒரு நாளு பிச்சுக்கும், அப்ப பக்கத்துல நிக்குறது அந்த பாய்லர்காரர்தான். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னாடி கரி தட்டி, ஏடு எடுக்குற ஆள வச்சு சுத்தம் பண்ணுங்க, உப்புத் தண்ணிய ஏடு கட்டாத மாதிரி மென்மையாக்குற சாஃப்ட்னர் போடுங்க. அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஆணியில மாட்டி அடுப்பு நல்லா பிடிச்சு ஒரு மணி நேரம் ஆனதும் சிம்னி சூட்ட எழுதச் சொல்லுங்க, தேதி, சூடு, எத்தனை கிலோ விறகு, அவ்ளோதான். நான் வேலைக்குச் சேந்த புதுசுல என் மேஸ்திரி அந்த நோட்டு எழுதலன்னா டீக்குக்கூட விட மாட்டாரு, அப்ப கோவம் கோவமா வரும்.

கேள்வி: டீக்கடை. விடியக்காலம் நாலு மணிக்கு கடை தொறக்கணும்னு ராத்திரி ஒரு பெரிய பச்சைக் கட்டைய உள்ள தள்ளி காத்துத் தகட்ட மூடிட்டு வந்துடுவேன். காலையில கிளறுனா தணல் இருக்கும். இதுல தப்பு இருக்கா? (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: இருக்கு அண்ணே, இதவிட நல்லா கீலு காய்ச்ச முடியாது. ராத்திரி பூரா காத்தில்லாம புழுங்குற பச்சைக் கட்டை, மேல பைப்பு 60, 70 டிகிரியில வேர்த்துகிட்டே கெடக்கும். தணல் வேணும்னா தணலையே வச்சுக்குங்க. கடை மூடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே விறகு போடுறத நிறுத்திட்டு, புகையெல்லாம் அடங்கி வெறும் செங்கரி ஆனதும் சாம்பல் போட்டு மூடுங்க, கரியில தாரு இல்ல, அதனால பைப்பு ஆறினாலும் பரவால்ல. ஆனா கரி கண்ணுக்குத் தெரியாம கார்பன் மோனாக்சைடு விடும், அதுக்கு நாத்தமும் கெடையாது, அதனால சிம்னி வழிய முழுசா அடைக்கக் கூடாது, கடைக்குள்ள பையன் யாரும் படுத்துத் தூங்கவும் கூடாது.

காலையில பத்த வைக்கிறப்போ இன்னொன்னு முயற்சி பண்ணிப் பாருங்க, கேட்டா சிரிப்பீங்க. பெரிய கட்டை அடியில, சின்னது அதுக்கு மேல, சுள்ளியும் சிராயும் உச்சியில வச்சு மேலேருந்து பத்த வைங்க. அடிக்கட்டை கக்குற வாயு மேல இருக்குற நெருப்பத் தாண்டித்தான் போயாவணும், அதுல எரிஞ்சிடும், பைப்பும் சீக்கிரம் சூடாகும். என் சம்சாரம் எங்க ஆத்தா இப்படியா பத்த வச்சாங்கன்னு ஒரு மாசம் கிண்டல் பண்ணிட்டு இப்ப அவளும் அப்படித்தான் அடுக்குறா, ஒத்துக்க மட்டும் மாட்டா.

கேள்வி: நாங்க சொல்தா குடும்பம் (பிரெஞ்சு ராணுவத்துல வேலை பாத்தவங்க), லாஸ்பேட்டை. பையன் பாரீசுக்கு வெளிய வீடு வாங்கியிருக்கான், ஹால்ல விறகு புவால் (வீட்ட சூடாக்குற அடுப்பு) இருக்காம். குளுரு தாங்காம ராத்திரி பூரா எரியணும்னு காத்த மூடி வச்சிட்டுத் தூங்குறானாம், கண்ணாடிக் கதவு கறுத்துப் போவுதாம். எனக்கு இங்க தூக்கம் வரல.

பதில்: அம்மா, கண்ணாடி கறுக்குதுன்னா உள்ள சிம்னியும் கறுக்குதுன்னுதான் அர்த்தம், டீக்கடை அண்ணனுக்குச் சொன்னதேதான் தம்பிக்கும், கடல் தாண்டினா நெருப்பு கொணம் மாறிடாது. அங்க பைப்பு ரெட்டைத் தகடு, நடுவுல பஞ்சு அடைச்சதா இருந்தா வெளிய காந்த மீட்டர் ஒட்டுனா சில்லுனு பொய் சொல்லும், உள்ள நுழையுற மீட்டர் போடச் சொல்லுங்க. அதுல புகைச் சூடு 200-லேருந்து 480 வரைக்கும் இருக்கலாம். ஓக் மரம்தான் அங்க நெறைய, அது காய ரெண்டு வருஷம் புடிக்கும், கடைக்காரன் காஞ்சதுன்னு சொன்னா நம்பாம ஈரமானி வச்சுப் பாக்கச் சொல்லுங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரமொனாஜ், அதாவது ஆள் வச்சு சிம்னி சுத்தம், பண்ணி சான்றிதழ் வாங்குறது அங்க கட்டாயம், நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல அதைத்தான் கேப்பான். பொகை அலாரம் 2015-லேருந்தே வீட்டுக்கு வீடு சட்டப்படி இருக்கணும், அதோட கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்னு அவனே வாங்கி படுக்குற ரூம் பக்கத்துல மாட்டிக்கட்டும். தூங்கப் போறப்போ நல்லா எரியவிட்டுட்டுப் போயி போர்வைய கனமா போத்திக்கச் சொல்லுங்க, காலையில எழுந்து திரும்பப் பத்த வச்சா பத்து நிமிஷ வேலை.

கேள்வி: சிம்னியே தீப்புடிச்சா என்ன செய்யறது? எங்க தெருவுல ஒருத்தர் வீட்ல அப்படி ஆச்சுன்னாங்க. (அரியாங்குப்பம்)

பதில்: எங்க சொந்தத்துக்குள்ளயே நடந்திருக்குங்க. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் நம்ம தலைமேல வந்து எறங்குச்சே, கடலூர் பக்கம் முந்திரி, பலா எல்லாம் வேரோட சாஞ்சு கெடந்துச்சு. அடுத்த ஆறு மாசம் விறகு கிட்டத்தட்ட சும்மாவே கெடச்சுது. என் மச்சான் அப்ப ஒரு சின்ன ஓட்டல் வச்சிருந்தாரு, ஈரப் பலாக்கட்டையும் முந்திரிக்கட்டையுமா அஞ்சு மாசம் எரிச்சாரு, நானும் போறப்போ வர்றப்போ பாத்துகிட்டுத்தான் இருந்தேன், பாய்லர்காரன்னு பேரு, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல, ஓசி விறகுல குத்தம் சொல்றதான்னு ஒரு இது. ஒரு நாள் கல்யாண ஆர்டருக்காக காஞ்ச சவுக்கு போட்டு நல்லா எரிய விட்டாரு. அடுப்பு நெருப்பு மேல ஏறி அஞ்சு மாசக் கீலும் ஒண்ணா புடிச்சுகிச்சு. ரயிலு வர்ற மாதிரி ஒரு சத்தம், அதை நான் மறக்க மாட்டேன், பைப்பு கிடுகிடுன்னு ஆடுது, மேல தீபாவளி புஸ்வாணம் மாதிரி பொறி கொட்டுது, பக்கத்துல கீத்துக் கொட்டா. அந்த மாதிரி தீயில சூடு 1100 டிகிரி வரைக்கும் போவும். யாரோ ஒருத்தர் குடத்து தண்ணியத் தூக்கிட்டு ஓடி வந்தாரு, மச்சான் அவரக் கட்டிப் புடிச்சு நிறுத்துனாரு, அது ஒன்னுதான் அன்னிக்கு நாங்க பண்ண நல்ல காரியம், கொதிக்கிற சிம்னியில தண்ணி பட்டா ஆவி வெடிச்சு மூஞ்சிலதான் அடிக்கும், செங்கல்லா இருந்தா பொளந்துடும்.

செய்ய வேண்டியது இதுதான். எல்லாரும் வெளிய, ஒடனே 101-க்கு போன். அடுப்புக் கதவு, காத்துத் துவாரம், சாம்பல் வாய் எல்லாத்தையும் இறுக்க மூடுங்க, காத்து போகலன்னா மேல நெருப்பு தவிக்கும். அடுப்புக்குள்ள இருக்குற நெருப்பு மேல உலர்ந்த மணலோ சாம்பலோ போடலாம். தண்ணி கூரைக்கும் கீத்துக்கும் மட்டும், பொறி விழுற எடத்துக்கு. அடங்கிடுச்சுன்னு அதே நாள் திரும்ப பத்த வைக்கவே கூடாது, பைப்பு வெளிய நல்லாத் தெரியும், உள்ள விரிசல் விட்டிருக்கும், ஜாயின்ட் கழண்டிருக்கும், முழுசா பிரிச்சுப் பாக்காம தொடாதீங்க. மச்சானுக்கு கொட்டா ஒரு பக்கம் போச்சு, ஆளுக்கு ஒன்னும் இல்ல. கல்யாண ஆர்டர பக்கத்துக் கடைக்காரர் செஞ்சு குடுத்தாரு.

கேள்வி: தம்பி, எனக்கு எழுபத்தி ரெண்டு வயசு, மீட்டர் கீட்டர் எல்லாம் எனக்குத் தெரியாது. குளியலறைக்கு வெளிய செம்பு பாய்லர்ல வெந்நீர், உள்ள கதவு வச்ச அடுப்புல சமையல். பைப்புல தண்ணி தெளிச்சுப் பாத்தே சூடு சொல்லிடுவேன், தோசைக்கல்லுக்குப் பாக்குறதுதான். அது போதாதா? (நெல்லிக்குப்பம்)

பதில்: பாய்லர குளியலறைக்கு வெளிய வச்சிருக்கீங்க பாருங்க, அதுக்கே உங்களக் கும்பிடணும் ஆத்தா, எத்தனையோ பேர் உள்ள வச்சுகிட்டு கதவச் சாத்திட்டுக் குளிக்கிறாங்க. தண்ணி தெளிக்கிறதும் நல்ல மீட்டர்தான், சொல்லப்போனா நீங்க சொன்னப்புறம்தான் எனக்கே தோணுச்சு. பைப்புல தெளிச்ச துளி சத்தமில்லாம வழிஞ்சு மெதுவாக் காஞ்சா இன்னும் 100 ஆகல, காத்தத் தொறங்க, காஞ்ச விறகா ரெண்டு போடுங்க. சொய்ங்குன்னு அங்கயே காணாமப் போனா சரியான சூடு. ஒட்டாம முத்து மாதிரி உருண்டு கீழ ஓடினா 200-ஐத் தாண்டியாச்சு, 240-ஐத் தாண்டிடாம காத்துத் தகட்ட கொஞ்சம் மூடுங்க. விரல்நுனியால லேசா தெளிச்சாப் போதும், செம்போட ஊத்திடாதீங்க, மூஞ்சியத் தள்ளி வச்சுக்குங்க, தெறிக்கும்.